சாமி ஒருத்தர் காணோம்

"பேர் சொல்லுங்க."

"சாமி."

"உங்க பேரு இல்ல சார். காணாம போனவர் பேரு."

"அதைத்தான் சொல்றேன். சாமி."

திருப்போரூர் கோயிலுக்கு எதிரே, தைப்பூசக் கூட்டத்துக்காகப் போட்டிருந்த போலீஸ் உதவி மையம். மையம் என்றால் ஒரு ஷாமியானா, ஒரு மேசை, ஒரு நீளமான நோட்டு, ஒரு கான்ஸ்டபிள். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, மூன்று நாள் வெயிலில் வறுபட்ட மூக்கு, கையில் இன்னொருவருடைய மஞ்சள் பை.

"எந்த ஊரு?"

"செய்யூர் பக்கம்."

"செய்யூரா, பக்கமா?"

"பக்கம்னுதான் நினைக்கிறேன்."

"வயசு?"

"ஐம்பது இருக்கும். அறுபதும் இருக்கலாம்."

"என்ன டிரஸ்?"

"பச்சை வேட்டி, பச்சைத் துண்டு."

கான்ஸ்டபிள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை வேட்டி, பச்சைத் துண்டு.

"சுருட்டை முடி, தாடி" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

"எத்தனை நாள் பழக்கம்?"

"மூணு நாளா ஒண்ணாவே நடந்து வர்றோம் சார். ரொம்ப நெருக்கம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கும் நிலையில் இல்லை. காணாமல் போன சாமிக்குச் சர்க்கரை வியாதி. அன்று முருகனைப் பார்க்கும் வரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று விரதம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் என் கண்ணெதிரே ஒரு மாத்திரையை விழுங்கினார். "இதப் புடி சாமி, இங்கியே நில்லு, தோ வரேன்" என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் மனிதர் எப்படிச் சரிவார் என்று பார்த்திருக்கிறேன்.

கால் என்று ஓர் உறுப்பு

எந்தத் தைப்பூசம் என்று கேட்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு, என் இடது முழங்காலுக்குப் பெல்ட் வருவதற்கு முன்பு.

கல்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தின் நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நடை என்றால் அலமாரிக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரம். அதற்கு முன்னால் நான் பக்தியோடு நடந்தது செங்கல்பட்டில் கல்லூரியில் படித்த காலத்தில். பௌர்ணமி தோறும் திருக்கழுக்குன்றம் கிரிவலம். பக்தி வேதகிரீஸ்வரர் மீது அல்ல. எனக்கு இருபதடி முன்னால் நடந்த ஒரு நீலத் தாவணி மீது. ஒன்பது பௌர்ணமி விடாமல் சுற்றினேன். பத்தாவது பௌர்ணமியன்று அவள் ஒரு வங்கி ஊழியரோடு சுற்றினாள். அன்றோடு என் கால்கள் ஓய்வு பெற்றன.

அவற்றை மறுபடியும் வேலைக்கு அழைத்தவர் புதுப்பட்டினம் ஏழுமலை. என் ஸ்கூட்டரின் மெக்கானிக். ஒவ்வொரு வருடமும் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு செய்யூர் கந்தசாமி கோயிலில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மூன்று நாள் நடந்து, தைப்பூசத்தன்று திருப்போரூர் கந்தசாமி கோயிலில் முடிப்பார். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பழனிக்கு நடப்பவர்கள் இதை நடை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வாக்கிங் என்பார்கள்.

நான் புது ஷூ வாங்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அடியில் காற்றுப் பை வைத்தது. ஏழுமலை அதை ஒரு பழுதான கார்புரேட்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது கண்ணாலத்துக்குப் போட்டுக்க சாமி. வூட்ல பழைய செருப்பு கீதா? வார் தேஞ்சி, உன் கால் அச்சு வுழுந்தது? அதப் போட்டுகினு வா."

கேட்கவில்லை. கூவத்தூர் வருவதற்குள் இரண்டு குதிகாலிலும் திராட்சை காய்த்தது. ஆகவே, முதல் பாடம்: நடைப்பயணத்துக்குப் புதுச் செருப்பு வாங்காதீர்கள். வாங்கியே தீரவேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே வாங்கி, அதோடு தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வந்து அதன் திமிரை அடக்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை வெட்டுங்கள். கொப்புளம் வந்தால் அதைப் பிய்த்து ஆராய்ச்சி செய்யாதீர்கள். சுத்தமான துணியைச் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

இரண்டாவது பாடத்தை எந்தப் பத்திரிகையும் வெளியிடாது. ஆனாலும் சொல்கிறேன். தொடையின் உள்பக்கத்தில் காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒல்லியானவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

குட்டியானையும் எழுநூறு பக்கங்களும்

மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை கூடவே வரும். அந்தச் சின்ன லாரியை நம்பித்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். நான் எழுநூறு பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், இரவில் படிக்கலாமென்று. இரண்டு இரவிலும் அது எனக்குத் தலையணையாக உழைத்தது. நான் அதைப் படித்ததைவிட அது என்னை அதிகம் படித்திருக்கும்.

வண்டியில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். மாத்திரை, கொஞ்சம் இனிப்பு, தண்ணீர், போன், இந்த நான்கும் உடம்போடு இருக்கட்டும். வண்டி எப்போதும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலோ பின்னாலோதான் இருக்கும்.

விடியுமுன் நாலு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஒன்பதுக்குள் ஒதுங்கிவிடுங்கள். மறுபடியும் வெயில் சாய்ந்த பிறகு. தை மாதம்தானே என்று தார் ரோட்டை நம்பாதீர்கள். அதற்கு மாதம் தெரியாது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். அதிகம் போனால் இருவர்.

அந்த இருவரில் ஒருவராக எனக்குக் கிடைத்தவர்தான் சாமி.

பெயர் போன இடம்

மாலை போட்டதும் முதலில் போவது சிகரெட் அல்ல, பெயர். கடையில் என்னை 'சார்' என்றும் மற்றவர்களை 'மச்சான்' என்றும் கூப்பிடும் ஏழுமலை, மாலை போட்ட நாளிலிருந்து எல்லோரையும் 'சாமி' என்றார். திட்டுவதானாலும் சாமி சேர்த்துத்தான் திட்டவேண்டும். "அறிவு கீதா சாமி உனக்கு?" என்று அவர் கேட்கும்போது வரும் அவமானத்தில் ஒரு மரியாதை கலந்திருக்கும்.

செய்யூர் கோபுரத்தடியில் நாங்கள் கிளம்பும்போது, சுருட்டை முடியும் தாடியுமாக ஒருவர் வந்து நின்றார். செருப்பில்லை. தோளில் ஒரு மஞ்சள் பை.

"நானும் கூட வரட்டா சாமி?"

"வா சாமி" என்றார் ஏழுமலை.

சேர்க்கை விண்ணப்பம் அவ்வளவுதான்.

அவர் என் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். எப்போதும் சாலைப் பக்கம் அவர், மண் பக்கம் நான். நான் இடம் மாற்றிக்கொள்ளப் போனால் தோளைத் தொட்டு மென்மையாக உள்ளே தள்ளிவிடுவார். லாரி இடித்தால் முதலில் தன்னை இடிக்கட்டும் என்று நினைக்கும் பெருந்தன்மை என்று புரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட மனிதரிடம் மனம் திறந்து பேசாமல் யாரிடம் பேசுவது?

பேசினேன். சவுக்குத் தோப்புகள் வழியாகப் பேசினேன். விடியற்காலையில் பாலாற்றுப் பாலத்தின் மேல், ஒரு பக்கம் ஆறு வெள்ளி பூசிக்கொண்டிருக்க, மறுபக்கம் கடல் இதோ என்று மினுங்க, இருபது பேரும் வாயடைத்து நின்ற அந்த நேரத்திலும் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வரவேண்டியிருந்து வராத பதவி உயர்வு, என் முழங்கால், ஆறுகளைப் பற்றி நான் படித்தவை, தமிழ் வாசகர்களின் எதிர்காலம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சரியான இடத்தில் "ஆமா சாமி" என்றார். இருபத்தாறு வருட இல்லற வாழ்வில் இப்படி ஒரு செவி எனக்கு வாய்த்ததில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். படுப்பதற்கு முன் அவர் என் குதிகாலைப் பார்த்து, தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். நான் அப்போது தமிழ் வாசகர்களின் எதிர்காலத்தில் இருந்தேன்.

பாயசத்தில் விழுந்தவர்கள்

கடைசி நாள் காலை பழைய மாமல்லபுரம் சாலை. அதைப் பார்க்காதவர் திருவிழா பார்த்தவரல்லர். பையனூர் தாண்டியதும் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர, சாலையே நடக்க ஆரம்பித்துவிடும். பம்பை, உடுக்கை, காவடி மணி, எங்கோ ஒரு குரல் "கந்தனுக்கு" என்று எடுத்தால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு "அரோகரா" உருண்டு போகும். என் குதிகால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. தொண்டை கிழிய நானும் கத்தினேன். அலுவலகத்தில் 'சைலன்ஸ் ப்ளீஸ்' பலகைக்குக் கீழே உட்காருகிறவன்.

ஆபத்தும் அங்கேதான். ஐம்பதடிக்கு ஒரு பந்தல். இட்லி, பொங்கல், பானகம், பாயசம். மனை விற்பவர்கள்கூட மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு டம்ளர் மோருக்கு ஒரு நோட்டீஸ்: முருகன் அருளால் அங்கீகாரம் பெற்ற மனைகள். நடையில் பலர் படுப்பது பசியால் அல்ல. மூன்றாவது பந்தலின் பாயசத்தால். ஒரு வேளைக்கு ஒரு பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரை, தாகம் எடுக்கும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவன், தரிசனம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில், குளக்கரையில் அடுத்தவர் பையை வைத்துக்கொண்டு நின்றபோது, காற்றில் வந்த நெய் வாசனையைப் பின்பற்றிப் போனேன். சர்க்கரைப் பொங்கல் வரிசை. பத்தே நிமிடம் என்று நினைத்தேன். தொன்னை கைக்கு வர முக்கால் மணி ஆயிற்று. திரும்பி வந்தால் சுருட்டை முடியும் இல்லை, தாடியும் இல்லை.

கான்ஸ்டபிளிடம் இதைச் சொல்லவில்லை.

"நீங்க எங்க நின்னீங்க?" என்று அவர் கேட்டார்.

"குளக்கரையில" என்றேன். இலக்கணப்படி பொய் இல்லை. நின்றேன்தான்.

வூடு

அதற்குள், மற்றவர்களைத் தேட அனுப்பிவிட்டு ஏழுமலை வந்துவிட்டார்.

"பேரு கூடவா கேக்கல? மூணு நாளா அவன் கூடவே குசுகுசுன்னு பேசிகினு வந்தியே சாமி."

"பேச்சு வேற விஷயமா போச்சு."

"இன்னா விஷயம்?"

என்னைப் பற்றிய விஷயம் என்று சொல்வதற்குப் பதில் பையை மேசை மேல் வைத்தேன்.

மஞ்சள் பையைத் திறந்தோம். மாத்திரை அட்டை, கடலை மிட்டாய்ப் பொட்டலம், ஒரு பட்டன் போன். அதில் மூன்றே எண்கள்: 'ஓனர்', 'லாரி', 'வூடு'. ஏழுமலை 'வூடு' எண்ணை அழுத்தி, போனை என் காதில் வைத்தார்.

"நீதான் நல்லா பேசுவியே. பேசு. ஆனா பயமுறுத்தாத."

ஒரு பெண் குரல். "ஆங், சாமி பாத்தாச்சா?"

"அம்மா, நான் அவர் கூட வந்த சாமி பேசறேன். அவர் பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணணும். பேர், நட்சத்திரம் சொல்லுங்க." இப்படி ஒரு பொய் எனக்குள் தயாராக இருந்தது எனக்கே வியப்பு.

"கிருத்திகை."

"பேரு?"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "அது நா எப்பிடிண்ணா சொல்றது? வூட்டுக்காரர் பேர?"

ஒருவர் உயிர் ஊசலாடுகிறது. அவர் பெயர் தெரிந்த ஒரே ஆள் அதைச் சொல்ல மாட்டார். "பரவால்ல, சொல்லுங்கம்மா. சாமி காரியம்."

"நீங்க யாரப் பாக்க நடந்து வந்தீங்களோ, அவுரு பேருதான்."

"முருகனா?"

"அய்ய. திருப்போரூர்ல அவுருக்கு இன்னா பேரு?"

"கந்தசாமி."

"ஆங்" என்றார், பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போல. "அவுராண்ட குடுங்க."

"கொஞ்சம்... தள்ளி நிக்கறாரு. கூப்பிட்டா கேக்கல."

"எந்தப் பக்கத்துலேந்து கூப்டீங்க? சோத்தாங்கைப் பக்கம் காது சுத்தமா கேக்காது அவுருக்கு. மரம் அறுக்கற மிஷினாண்ட நின்னு நின்னு பூட்டுது. பீச்சாங்கைப் பக்கமா போய்க் கூப்புடுங்க."

எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாக உட்கார்ந்தது. சாலையின் வலது ஓரம். வண்டிகள் வரும் இடது பக்கம் அவருடைய நல்ல காது, ஹாரன் கேட்பதற்கு. மண் பக்கம், அதாவது அவருடைய வலது பக்கம், நான். மூன்று நாள். அறுபது கிலோமீட்டர்.

"மொட்டை போட்டுகினாரா?" என்றார் அந்த அம்மா.

"மொட்டையா?"

"அதுக்குத்தானே வந்துகீறாரு. மாத்திரை போட்டா அர மணி நேரத்துக்குள்ள சாப்புடணும், சொல்லுங்க. போன தபா வூட்ல அப்பிடித்தான் வுழுந்தாரு."

போனை வைத்துவிட்டு ஏழுமலையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமாக இருபது பேரும் சுருட்டை முடியைத் தேடிக்கொண்டிருந்தோம். அது நாவிதர் முன்னால் குவியலில் கிடந்தது.

மைக்

பெயர் தெரிந்துவிட்டதல்லவா? ஏழுமலை என்னைக் கோயில் மைக் செட்டுக்கு இழுத்துப் போனார். மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"செய்யூரிலிருந்து வந்திருக்கும் கந்தசாமி..."

"அரோகரா" என்றது கூட்டம்.

"கந்தசாமி எங்கிருந்தாலும்..."

"அரோகரா."

"அதில்லீங்க. கந்தசாமி அவர்கள்..."

கோபுரம் அதிர்ந்தது. மூன்று பேருக்கு அருள் வந்துவிட்டது. மைக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வேற பேர் எதனா கீதா?" என்றார்.

அப்போதுதான் ஏழுமலையிடம் சொன்னேன். "நான் அங்க நிக்கல, ஏழுமலை. பொங்கல் வாங்கப் போயிட்டேன். அவர் திரும்பி வந்தப்போ நான் அந்த இடத்துல இல்ல."

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. 'சாமி' என்றுகூடச் சொல்லவில்லை. "ஓடு" என்றார்.

ஓடினேன். கட்டு அவிழ்ந்த குதிகாலோடு ஓடினேன்.

குளக்கரையில் படிக்கட்டு நெடுக மொட்டைகள். சந்தனம் பூசி வெயிலில் பளபளக்கும் மொட்டைகள். முகத்தை வைத்து அடையாளம் காணலாம் என்று நினைத்தேன். தாடிக்கும் முடிக்கும் இடையே அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் அதைப் பார்த்திருந்தால்தானே.

ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு மொட்டையின் இடது பக்கமாகப் போய்க் குனிந்து, காதருகே, "கந்தசாமி" என்றேன். முதல் மொட்டை "அரோகரா" என்றது. இரண்டாவதும். மூன்றாவது, "மைக்குல சொன்னது பத்தலியா?" என்று முறைத்தது. நாலாவது கையெடுத்துக் கும்பிட்டது.

ஆறாவதோ ஏழாவதோ, நான் நிற்க வேண்டியிருந்த அதே படியில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சந்தனத்தின் மேல் வியர்வை ஓடி, கழுத்து வரை மஞ்சள் கோடுகள். மடியில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கந்தசாமி."

தலை மெதுவாகத் திரும்பியது.

கடலை மிட்டாயைப் பிரிக்க எனக்குப் பொறுமையில்லை; பல்லால் கிழித்து அவர் வாயில் திணித்தேன். பக்கத்தில் பூக்கடைக்காரம்மா எங்கிருந்தோ ஒரு கலர் சோடாவைக் கொண்டுவந்து, "அப்பலேந்து சொல்றேன், எழுந்து போய் எதனா துண்ணுன்னு. 'சாமிய இங்கியே நிக்கச் சொல்லிட்டுப் போனேன், வந்தா தேடுவாரு'ன்னு சொல்லி நவுரவே இல்ல" என்றார். கந்தசாமி இரண்டு மடக்கு குடித்தார். இன்னும் ஒரு மிட்டாய். கை நடுக்கம் அடங்க நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், டாக்டர் போல. நாடி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இன்னா சாமி, எங்க பூட்ட?" என்றார் கடைசியாக. "உன்னத் தேட ஆள் அனுப்பலாம்னா பேரு தெரியாது. வாய் அசைஞ்சிகினே இருக்கும், அத வச்சிப் பாருன்னு இந்தம்மாவாண்ட சொல்லிகீறேன்."

"மன்னிச்சிடு சாமி" என்றேன். "நான் பேசினது எதுவும் உனக்குக் கேக்கலியா?"

"இல்ல சாமி." கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார். "நிறுத்தாம பேசறியே, முக்கியமான விஷயமாத்தான் இருக்கும்னு தலய ஆட்டிகினு வந்தேன். தப்பா எடுத்துக்காத."

பிறகு படியில் நகர்ந்து, தன் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இப்பிடி வந்து குந்து. இந்தக் காது நல்லா கேக்கும். இப்ப சொல்லு, இன்னா சொல்லிகினு வந்த?"

உட்கார்ந்தேன். அறுபது கிலோமீட்டர் பேச்சில் திருப்பிச் சொல்லத் தகுந்த ஒரு வாக்கியத்தைத் தேடினேன். குளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு காவடி ஆடிக்கொண்டு போயிற்று. உடுக்கை ஓய்ந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"மொட்டை யாருக்காக வேண்டிக்கிட்டது சாமி?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதை" என்று சொல்லி, கந்தசாமி காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டார்.